ஆறு மடிப்புக் காகிதமும் 32 லட்சம் யூரோவும்: காமிக்ஸ் மூல ஓவியம் கைமாறும் கதை

2021 ஜனவரி 14 அன்று பாரிஸில் ஆர்ட்கூரியல் ஏல நிறுவனம் ஒரு சதுரக் காகிதத்தை ஏலத்துக்கு விட்டது. பக்கத்துக்குச் சுமார் 34 சென்டிமீட்டர். கறுப்புப் பின்னணியில் பெரிய சிவப்பு டிராகன் ஒன்று. கீழே பீங்கான் சாடிக்குள்ளிருந்து காமிக்ஸ் நாயகன் டின்டினும் அவனுடைய நாய் ஸ்நோயியும் எட்டிப் பார்க்கிறார்கள். இந்திய மை, கவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணம், சாதா நீர்வண்ணம் மூன்றையும் கலந்து 1936-ல் டின்டினை உருவாக்கிய பெல்ஜிய ஓவியர் எர்ஜே வரைந்தது. ‘நீலத் தாமரை’ ஆல்பத்தின், அதாவது தொடராக வந்த கதையைத் தொகுத்த புத்தகத்தின், அட்டைக்காக வரைந்தார், ஆனால் அட்டையில் வரவில்லை. காகிதத்தின் குறுக்கிலும் நெடுக்கிலும் மடிப்புக் கோடுகள் ஓடுகின்றன. யாரோ எப்போதோ அதை ஆறாக மடித்திருக்கிறார்கள்.

ஏலம் 26 லட்சம் யூரோவில் நின்றது. நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து வாங்கியவர் கட்டியது 31,75,400 யூரோ. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 28 கோடி ரூபாய். கட்டணம் மட்டுமே ஐந்து கோடியைத் தாண்டுகிறது என்பதைக் கவனியுங்கள். காமிக்ஸ் ஓவியத்தில் உலகச் சாதனை என்று செய்திகள் வந்தன. அதில் ஒரு சின்னத் தகராறு உண்டு. அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா ‘ஈரி’ என்ற திகில் காமிக்ஸ் இதழின் அட்டைக்காக 1969-ல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் 2019-லேயே 54 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. அதைக் காமிக்ஸ் கணக்கில் சேர்ப்பதா, ஓவியக் கணக்கில் சேர்ப்பதா என்று சேகரிப்பாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்கு அது முக்கியமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மடிப்புகள். அவை எப்படி விழுந்தன என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. எந்தக் கதையை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் காகிதம் யாருடையது என்பதே மாறிவிடும். மூல ஓவியம், அதாவது அச்சுக்காக ஓவியர் தன் கையால் வரைந்த அசல் தாள், வாங்க நினைப்பவர்கள் ‘இது ஒரிஜினல்தானா’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ‘வரைந்தவர் மேசையிலிருந்து இது எப்படி வெளியே வந்தது’ என்ற கேள்வி அதற்கும் முன்னால் வரவேண்டும் என்பேன்.

அட்டை ஏன் ஒதுக்கப்பட்டது

‘நீலத் தாமரை’ 1934 முதல் 1935 வரை பெல்ஜியத்தின் சிறுவர் இணைப்பிதழான ‘லெ பெத்தி வென்தியேம்’-இல் தொடராக வந்தது. ஷாங்காய், அபின் கடத்தல், ஜப்பானிய ஆக்கிரமிப்பு என்று அந்நாளைய நடப்பு அரசியலுக்குள் டின்டினை இறக்கிய கதை. பிரஸ்ஸல்ஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த சாங் சோங்ரென் என்ற சீன மாணவர் எர்ஜேவுக்கு நண்பரானதும், கதையில் சீனா வெறும் வேடிக்கைக் காட்சியாக இல்லாமல் நிஜ ஊராக வந்ததும் டின்டின் வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். 1936-ல் தூர்னே நகரத்துக் காஸ்டர்மான் பதிப்பகம் இதை ஆல்பமாக்கியது. உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. நடுநடுவே சில வண்ணத் தாள்கள். அட்டை மட்டும் முழு வண்ணம்.

எர்ஜே முதலில் வரைந்து அனுப்பிய அட்டையில் வண்ணங்கள் ஒன்றோடொன்று இழைந்து, நிழல் ஏறி இறங்கி வந்தன. அதை அப்படியே அச்சில் கொண்டுவர ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே தகடு எடுத்து, புள்ளி பிசகாமல் பொருத்தி அடிக்க வேண்டும். அன்றைக்கு அது பெரிய செலவு. பதிப்பகம் மறுத்தது. எர்ஜே வண்ணங்களைத் தட்டையாக்கி இன்னொன்று வரைந்து கொடுத்தார். சிவப்புப் பின்னணியில் கறுப்பு டிராகன் இருக்கும் அந்த அட்டைதான் இன்றுவரை நாம் கடையில் பார்ப்பது. ஆக, 28 கோடி ரூபாய்க்குப் போனது அச்சுக்கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஒதுக்கிவைத்த ஓவியம்.

இரண்டு கதைகள்

விற்றவர்கள் சொன்ன கதை இது. ஒதுக்கப்பட்ட ஓவியத்தை எர்ஜே பதிப்பாளர் லூயி காஸ்டர்மானின் ஏழு வயது மகன் ழான்-போலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பையன் அதை ஆறாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவைத்தான். அது பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. ழான்-போல் 2009-ல் இறந்த பிறகு வாரிசுகள் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏலப் பட்டியலில் இப்படி ஒரு சிறுவன் வந்துவிட்டால் விலை தானாகவே ஒரு படி ஏறும். ஆனால் எர்ஜேயின் படைப்புகளை நிர்வகிக்கும் தரப்பிலிருந்தும் டின்டின் ஆய்வாளர்களிடமிருந்தும் மறுப்பு வந்தது. அவர்கள் சொன்னதும் எளிமையான விஷயம்தான். எர்ஜே இருந்தது பிரஸ்ஸல்ஸில், பதிப்பகம் இருந்தது தூர்னேயில். ஓவியங்கள் தபாலில் போயின. உறைக்குள் அடங்குவதற்காக மடித்து அனுப்பியிருக்கலாம். ஒதுக்கப்பட்ட ஓவியம் திரும்பி வராமல் பதிப்பகத்திலேயே தங்கியிருக்கலாம். அப்படியானால் அது அன்பளிப்பு இல்லை, திருப்பித் தரப்படாத பொருள்.

இரண்டில் எது நடந்தது என்று சொல்லக்கூடிய மூவரும் இன்று இல்லை. என் கணிப்பைக் கேட்டால், தபால் மடிப்புக் கதைதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. ஏழு வயதுப் பையன் மடித்திருந்தால் மடிப்பு கோணல்மாணலாக இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அதேசமயம் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தபாலில் மடித்து வந்த ஓவியத்தை, அச்சுக்கு ஆகாது என்று தெரிந்த பின், “பையனே வைத்துக்கொள்ளட்டும்” என்று எர்ஜே சொல்லியிருக்கலாம். மடிப்பை வைத்து அன்பளிப்பை நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது.

பிறகு எப்படி ஏலம் நடந்தது? பிரெஞ்சுச் சட்டம் இங்கே விற்பவர் பக்கம் சாய்கிறது. அசையும் பொருளைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்தோடு கையில் வைத்திருப்பதே உரிமைப் பத்திரத்துக்குச் சமம் என்கிறது அந்த நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 2276-ஆம் பிரிவு. திருடு போனதோ தொலைந்துபோனதோ என்றால் உரியவர் மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். மற்றபடி ‘இது உன்னுடையது இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பின் தலையில்தான். 80 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்திடம் இருந்த காகிதத்தை அப்படி அசைப்பது லேசில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்ட்கூரியல் ஏலமே இனி அந்த ஓவியத்தின் வரலாற்றில் ஒரு வரியாகிவிட்டது. அடுத்த முறை அது விற்பனைக்கு வரும்போது ‘காஸ்டர்மான் குடும்பம், ஆர்ட்கூரியல் பாரிஸ் 2021’ என்று பட்டியலில் அச்சாகும். சந்தேகம் எழுப்பியவர்களின் பெயர் அதில் இருக்காது.

விலை எங்கிருந்து வருகிறது

எர்ஜே தன் ஓவியங்களைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் 1983-ல் இறந்த பிறகு அவை மனைவியிடமும், அங்கிருந்து 2009-ல் பெல்ஜியத்தின் லூவான்-லா-நூவ் ஊரில் திறக்கப்பட்ட எர்ஜே அருங்காட்சியகத்துக்கும் போயின. வெளியே இருப்பது மிகக் கொஞ்சம். வாங்க ஆள் நிறைய, விற்க ஆள் இல்லை. ‘டின்டின் அமெரிக்காவில்’ கதைக்கு 1932-ல் அவர் கவாஷில் தீட்டிய அட்டை 2008-ல் இதே ஆர்ட்கூரியலில் 7,64,218 யூரோவுக்குப் போனது. அதே அட்டை 2012-ல் திரும்ப வந்தபோது 13 லட்சம் யூரோவைத் தாண்டியது. நான்கு ஆண்டுகளில் காகிதத்தில் எதுவும் மாறவில்லை. 2014-ல் ஆல்பங்களின் முன்பின் உள்ளட்டைக்காக 1937-ல் வரைந்த இரட்டைப் பக்கம் 26 லட்சத்து 54 ஆயிரம் யூரோ.

இத்தனையிலும் வரைந்தவரின் வாரிசுகளுக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்குச் சிரிப்பு வரவழைக்கும் கணக்கு. ஐரோப்பாவில் ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு, அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு, ஒரு பங்கு தர வேண்டும். முதல் 50,000 யூரோவுக்கு 4 சதவீதத்தில் தொடங்கி, விலை ஏற ஏறச் சதவீதம் குறைந்துகொண்டே போகும். மொத்தத்தில் 12,500 யூரோவுக்கு மேல் போகாது. 32 லட்சத்துக்கு விற்றாலும் அவ்வளவுதான், மூன்று கோடிக்கு விற்றாலும் அவ்வளவுதான்.

கடலுக்கு அந்தப்பக்கம்: கிர்பியின் பக்கங்கள்

பெல்ஜியத்தில் ஓவியர் தன் பக்கங்களைத் தானே வைத்திருந்தார். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1960-களில் மார்வல் நிறுவனத்துக்கு வரைந்தவர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படம் எடுத்து அச்சடித்த பிறகு அந்த மூலப் பக்கங்களுக்கு யாரும் மதிப்பு வைக்கவில்லை. கிடங்கில் குவித்தார்கள். அலுவலகத்துக்கு வந்த ரசிகர்களுக்குச் சிலதை எடுத்துக் கொடுத்தார்கள். சில கட்டுகள் கதவு வழியாகத் தாமாகவே நடந்து போயின. 1970-களின் நடுவில் புதிய பக்கங்களை ஓவியர்களுக்கே திருப்பித் தரும் வழக்கம் வந்தது. பழையவை கிடங்கிலேயே கிடந்தன. 1980 வாக்கில் மார்வல் ஊழியர் ஐரீன் வார்டனாஃப் அங்கே உட்கார்ந்து எந்த இதழின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார். இந்தப் பட்டியல் பின்னால் எவ்வளவு பெரிய சாட்சியாகும் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

1984-ல் மார்வல் பழைய பக்கங்களைத் திருப்பித் தர முன்வந்தது. ஓவியர்களுக்கு ஒரு பக்கக் கடிதம். கையெழுத்துப் போட்டால் ஓவியம் வரும். ஜாக் கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கம். ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் என்று அந்த நிறுவனத்தின் பாதி உலகத்தையே வரைந்தவர் அவர். காப்புரிமை கோரிவிடுவார் என்ற பயம் நிறுவனத்துக்கு. அந்த நான்கு பக்கத்தைப் படித்தால், ஓவியத்தை அவருக்குச் சொந்தமாகத் தருவதாகவே தெரியாது. நிறுவனத்தின் சார்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, அனுமதி இல்லாமல் காட்சிக்கு வைக்கக் கூடாது, காப்புரிமை வழக்கில் யாருக்கும் உதவக் கூடாது. இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டால் கிடைக்கப்போவது 88 பக்கங்கள். அவர் மார்வலுக்கு வரைந்ததோ பல ஆயிரம்.

கிர்பி கையெழுத்துப் போடவில்லை. அப்போது வயது 67. ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ இதழ் விஷயத்தைக் கையிலெடுத்தது. ஆலன் மூர், ஃபிராங்க் மில்லர் போன்ற காமிக்ஸ் படைப்பாளிகள் குரல் கொடுத்தார்கள். ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூட்டாக மனுவில் கையெழுத்திட்டார்கள். கடைசியில் 1987-ல் நிபந்தனைகள் தளர்ந்து, ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவர் கைக்கு வந்தன. 88 என்று சொன்னவர்களிடமிருந்து 2,000 வந்தது வெற்றிதான். ஆனால் மீதிப் பக்கங்கள் எங்கே?

சந்தையில்தான். மாநாடுகளில், கடைகளில், பிறகு ஏலங்களில். இன்றைக்கு 1960-களின் கிர்பி பக்கம் ஒன்று விற்பனைக்கு வந்தால் அது இரண்டில் ஒரு வழியில்தான் வந்திருக்க வேண்டும். ஒன்று, கிர்பி குடும்பத்துக்குத் திரும்பி, அவர்கள் விற்று வந்தது. அல்லது அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகாமல் வேறு வழியில் வெளியேறியது. 1980 பட்டியலில் இருந்து, 1987-ல் திரும்பாத பக்கம் என்றால் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அது கிடங்கைவிட்டுப் போயிருக்கிறது என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே சட்டம் பிரான்சுக்கு நேர் எதிர். திருடனிடமிருந்து வாங்கியவருக்கு, அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், உரிமை வராது என்பது அமெரிக்கப் பொதுச் சட்டத்தின் அடிப்படை. நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேல்: உரியவர் திருப்பிக் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த பிறகுதான் காலக்கெடுவே ஓட ஆரம்பிக்கும். நடைமுறையில் இந்தப் பக்கங்களைத் தேடிக்கொண்டு யாரும் வீடு வீடாக வரவில்லை. விலையும் குறையவில்லை. சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசாமல் விட்டுவிடும் விஷயம் இது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிர்பி குடும்பத்திலிருந்து வந்த பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதுதான் சரி.

ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த ‘அமேசிங் ஃபேன்டசி’ 15-ஆம் இதழின் கதி வேறுமாதிரி ஆனது. ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களையும் 2008-ல் ஒருவர் வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குக் கொடுத்துவிட்டார். பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று ஊகிக்க ஒரு அளவுகோல் இருக்கிறது. 1984-ல் வந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ 8-ஆம் இதழில், மைக் ஸெக் வரைந்த 25-ஆம் பக்கம், ஸ்பைடர்மேன் கறுப்பு உடைக்கு மாறும் அந்த ஒற்றைப் பக்கம், 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் நிறுவன ஏலத்தில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. தொடக்கக் கேட்பு 3,30,000 டாலர்தான்.

அன்பளிப்புக் கதை சந்தேகமில்லாமல் நிற்கும் உதாரணமும் உண்டு. எக்ஸ்-மென் நாயகன் வுல்வரின் முதலில் தலைகாட்டும் ‘ஹல்க்’ 180-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தை, அதை வரைந்த ஹெர்ப் டிரிம்ப் 1983-ல் ஓர் இளைஞனுக்குச் சும்மா கொடுத்திருந்தார். 2014-ல் அது 6,57,250 டாலருக்கு விற்றது. தொகையின் பெரும்பகுதியைக் கஷ்டப்படும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்கே விற்றவர் கொடுத்துவிட்டார். ‘நீலத் தாமரை’க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், பக்கம் விற்றபோது டிரிம்ப் உயிரோடு இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

இங்கிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு

கோடிகளைப் பார்த்து மிரள வேண்டாம். 1980, 90-களின் அமெரிக்க இதழ்களில் அதிகம் பேசப்படாத ஓவியர்களின் பக்கங்கள் சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன. அட்டைப்படம்தான் உச்ச விலை. அடுத்து முழுப்பக்கப் படம், அதற்கடுத்து நாயகன் உடையோடு வரும் பக்கம். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசும் பக்கம்தான் மலிவு. நல்ல ஓவியர் வரைந்த பேச்சுப் பக்கம் மோசமான சண்டைப் பக்கத்தைவிட எவ்வளவோ மேல் என்பது என் ருசி. விலை அப்படிப் பார்ப்பதில்லை, நமக்கு லாபம்.

அசல்தானா என்று பார்க்க வேண்டிய இடங்கள் ஓவியத்தைவிட ஓரங்களில்தான் அதிகம். கேமராவுக்குத் தெரியாத வெளிர்நீலப் பென்சில் கோடுகள், வெள்ளை பூசித் திருத்திய இடங்கள், பசை மஞ்சளாகிப் பாதி உரிந்து நிற்கும் ஒட்டுத் தலைப்பு, ஓரத்தில் ஆசிரியர் கிறுக்கிய குறிப்பு, பழையதானால் பின்பக்கம் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை அமைப்பின் முத்திரை. திருத்தமே இல்லாமல், அச்சில் வந்ததோடு கோட்டுக்குக் கோடு பொருந்தும் பக்கம் என்றால் ஒளிப்பெட்டி மேல் வைத்து நகலெடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவையும் பாருங்கள். 1967-68 வரை அமெரிக்க இதழ்களுக்கு அச்சைப் போல இரண்டு மடங்கு பெரிய வரைதாளில் வரைந்தார்கள். அப்புறம்தான் 11-க்கு 17 அங்குலம் வழக்கமானது. 1965-ஆம் ஆண்டுப் பக்கம் சின்ன வரைதாளில் வந்தால் விளக்கம் கேளுங்கள்.

இப்போது வரும் பக்கங்களில் பேச்சுக் குமிழி இருக்காது, வசனமெல்லாம் கணினியில் ஏறுகிறது. பென்சில் ஓவியத்தை ஸ்கேன் செய்து, நீல அச்சு எடுத்து, அதன்மேல் இன்னொருவர் மையிடுவதும் சகஜம். அப்போது ஒரே பக்கத்துக்கு இரண்டு மூலங்கள்: பென்சில் ஒன்று, மை ஒன்று. விற்பவர் எதை விற்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஏல விலையோடு கட்டணம் சேரும், பிறகு பார்சல், காப்பீடு, இங்கே வந்ததும் சுங்கவரி, ஜிஎஸ்டி. ஏலத்தில் கையைத் தூக்கும் முன்பே இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிடுங்கள். மார்க்கர் பேனாவில் தீட்டியது வெயில் படாவிட்டாலும் வெளிச்சத்தில் வெளிறும். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நல்ல ஸ்கேன் பிரதியை மாட்டிவிட்டு அசலை அமிலமில்லாத உறையில் போட்டுப் படுக்கை வாக்கில் வையுங்கள். நம்மூர் ஈரப்பதத்துக்கு மாடி அறை பீரோ ஒத்துவராது.

விற்பவரிடம் ‘நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள், அவர் யாரிடம் வாங்கினார்’ என்று எழுத்தில் கேளுங்கள். கூசத் தேவையில்லை, நல்ல வியாபாரிகள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ஓவியரிடமே நேரில் வாங்கினால், முடிந்தால் பின்பக்கத்தில் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். பில், மின்னஞ்சல், பக்கத்தின் முன்பின் படங்கள் எல்லாவற்றையும் ஓவியத்தோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். விற்கப்போவது நீங்களாக இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளைகள் ஒருநாள் விற்பார்கள், அப்போது வாங்குகிறவர் கேட்கப்போவதும் இதே கேள்வியைத்தான்.